மெத்தைக் கடையில் தாய் தேடுகிறவர்

மதிய இடைவேளையில் அவர் மல்லாந்து படுத்திருக்கிறார். சொந்தக் கட்டில் இல்லை. அலுவலகத்துக்குக் கீழே இருக்கும் மெத்தைக் கடையில், வாடிக்கையாளர் படுத்துப் பார்ப்பதற்காகப் போட்டிருக்கும் கட்டில். ஷூவைக் கழற்றிக் கட்டிலடியில் ஜோடியாக வைத்திருக்கிறார். தலையணைக்குப் பிளாஸ்டிக் உறை பிரிக்கவில்லையாதலால் தலையை அசைக்கும்போதெல்லாம் சரசரவென்று சத்தம். கண் திறந்தே இருக்கிறது. மின்விசிறியைத்தான் பார்க்கிறார் என்று நினைத்தால் நாம் ஏமாந்துபோவோம். மனிதர் ஒரு பிள்ளைக்குத் தாய் தேடிக்கொண்டிருக்கிறார்.

கடைக்காரருக்கு இதில் ஆட்சேபம் கிடையாது. “நீங்க பாட்டுக்குப் படுங்க சார். ஒரு ஆள் படுத்திருக்கிறதப் பாத்தாத்தான் வர்றவங்களுக்கு நம்பிக்கை வருது. வெறும் மெத்தைய எவன் நம்புறான்?” என்பார். ஒரே ஒருமுறை மனஸ்தாபம் வந்தது. கல்யாணமான புதுசில் மெத்தை வாங்க வந்த ஒரு ஜோடி, படுத்திருந்தவரிடம், “எப்படி சார் இருக்கு?” என்று கேட்டிருக்கிறது. இவர் கூரையைப் பார்த்தபடியே, “கனம் ஜாஸ்தி. வேண்டாததெல்லாம் உள்ள சேந்துபோச்சு. பிரிச்சுப் போட்டாத்தான் சரிப்படும்” என்றிருக்கிறார். அவர் சொன்னது மாடியில் எழுதிக்கொண்டிருந்த கணினி நிரலைப் பற்றி. ஜோடி எதிர்க் கடைக்குப் போய்விட்டது. கடைக்காரர் கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு தானாகவே சரியாகிவிட்டார். படுக்க ஆளில்லாமல் அவருக்கும் கடை வெறிச்சென்று இருந்ததாம்.

மாடியில் இணையதளங்கள் செய்கிறார்கள். பிஎச்பி என்ற மொழியில், ஒரு ஃபிரேம்வொர்க்கை வைத்துக்கொண்டு எழுதுகிற கூட்டம். ஃபிரேம்வொர்க் என்றால் பாதி கட்டி முடித்த வீடு. சுவரும் கூரையும் அவர்கள் கொடுத்துவிடுவார்கள், அறைகளைப் பிரித்துக்கொள்வது நம் பாடு. அந்த வீட்டில் ஒவ்வொரு பக்கத்துக்கும் வாசலில் ஓர் ஆள் நிற்க வேண்டும். வருகிறவரைப் பார்த்து, என்ன வேண்டும் என்று கேட்டு, உள்ளே போய் எடுத்துவந்து கொடுக்கிற ஆள். அதற்குப் பெயர் கண்ட்ரோலர். புதிதாக ஒரு கண்ட்ரோலர் எழுத உட்கார்ந்தால், இது யாருடைய பிள்ளை என்று எடுத்த எடுப்பிலேயே எழுதிவிட வேண்டும். எழுதிவிட்டால் தாயிடம் இருக்கிற பழக்கமெல்லாம் கேட்காமலே பிள்ளைக்கு வந்து சேரும். ஒரு பிள்ளைக்கு ஒரே தாய்தான். இரண்டு பேரை வைத்துக்கொள்ள பிஎச்பி இடம் கொடுக்காது.

மற்றவர்கள் இந்த வரியைக் கொட்டாவி விட்டுக்கொண்டே எழுதுவார்கள். இவர் மட்டும் இதற்காகப் படியிறங்கிப் போய்ப் படுத்துவிடுவார். அதனால் அலுவலகத்தில் அவருக்கு “மெத்தை சார்” என்று பெயர். நேரிலேயே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவரும் “ம்?” என்று திரும்பிப் பார்க்கிறார்.

அங்கே இருக்கிற தாய்மார்களுக்குப் பெயர் வைத்தவரும் அவர்தான். ஃபிரேம்வொர்க்கோடு கூடவே வருகிற ஒல்லியான தாய் ஒருத்தி உண்டு, பேஸ் கண்ட்ரோலர் என்பார்கள். கதவைத் திறப்பாள், கேட்டதைக் கொடுப்பாள், மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசமாட்டாள். அவள் சித்தி. அலுவலகத்துக்காரர்களே வருஷக்கணக்காக எழுதி எழுதி வளர்த்த இன்னொருத்தி இருக்கிறாள். அவள் பெரியம்மா. வருகிறவர் யார், எந்த வீடு, உள்ளே வர உரிமை உண்டா என்று விசாரித்துத்தான் விடுவாள். யார் எப்போது வந்தார்கள், எதைப் பார்த்தார்கள் என்றெல்லாம் மனசில் வைத்துக்கொள்வாள். தாயே இல்லாமலும் ஒரு கண்ட்ரோலரை எழுதலாம். அதை “தனிக்கட்டை” என்பார். எல்லாவற்றையும் தானே சமைத்துச் சாப்பிட்டாக வேண்டிய பிறவி அது. இப்போது அலுவலகம் முழுக்க இந்தப் பேச்சுதான். “இதுக்குப் பெரியம்மாவே போதும்ப்பா” என்று ஒருவர் சொல்ல, “சித்திகிட்ட விடு, சீக்கிரம் முடியும்” என்று இன்னொருவர் சொல்ல, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் இது ஏதோ ஒரே குடும்பம் நடத்துகிற கம்பெனி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அவர் தேடுகிற விதம் வேடிக்கையானது. மெத்தையில் படுத்தபடி, பக்கத்துக்கு வரப்போகிற ஆளாகத் தன்னை நினைத்துக்கொள்வார். வீட்டு வரி கட்டும் பக்கம் என்றால் அவர் கண் சரியாகத் தெரியாத முதியவர் ஆகிவிடுவார். பேருந்து நேரம் பார்க்கும் பக்கம் என்றால் ஒரு கையில் பையும் ஒரு கையில் குழந்தையுமாக நிற்கும் தாய். அந்த ஆளாகவே நடந்து வாசல் வரை போவார். வாசலில் யார் நின்றால் தனக்கு நிம்மதி என்று பார்ப்பார். முகம் மெல்லத் தளர்ந்து, வாய் கொஞ்சம் திறந்து, பார்க்கிறவர்களுக்கு ஆள் அசந்து தூங்குகிற மாதிரி இருக்கும். ஒருவேளை தூங்கவும் தூங்குவார். கேட்டால், “ரெண்டுக்கும் நடுவுல ஒரு எடம் இருக்கும்மா, அங்கதான் இருந்தேன்” என்பார்.

இந்த முறை வந்திருப்பது நூலகத்தின் பக்கம். ஊர் நூலகத்தின் இணையதளத்தை இவர்கள்தான் கவனித்துக்கொள்கிறார்கள். வீட்டுக்கு ஓர் அட்டை. அந்த அட்டை எண்ணைத் தட்டி வீட்டில் உள்ள எல்லோரும் உள்ளே போகலாம். நூலகர் ஓர் அம்மா, கனமான குரல், தொலைபேசியில் பேசினால் பக்கத்து மேசைக்கும் கேட்கும். இந்தப் பக்கத்தைக் கேட்டு அழைத்த அன்று மட்டும் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

“பிள்ளைங்க எங்கிட்ட என்னமோ கேக்கணும்னு வர்றாங்க சார். அலமாரிக்குப் பின்னாடியே நின்னுட்டுத் திரும்பிப் போயிடுறாங்க. ஒடம்பப் பத்தி இருக்கும், பள்ளிக்கூடத்துல யாரோ தொந்தரவு பண்றதா இருக்கும், நான் என்னத்தக் கண்டேன்? எழுதிக் கேக்க ஒரு பக்கம் போட்டுக் குடுங்க. நானும் ஒரு டாக்டரம்மாவும் பதில் எழுதுறோம். வீட்டுல தெரியக் கூடாது. எனக்கு அது ஒண்ணு போதும்.”

“செஞ்சுடலாம்மா” என்றார் மெத்தை சார். வைத்துவிட்டு வெகுநேரம் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காரணம் பெரியம்மாவிடம் இருந்தது. நூலகத் தளத்தின் எல்லாப் பக்கமும் அவள் பிள்ளைகள்தான். அவளுக்கு ஒரு பழக்கம்: ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் “உங்கள் வீட்டார் அண்மையில் பார்த்தவை” என்று ஒரு வரி காட்டுவாள். தம்பி எடுத்த புத்தகத்தை அண்ணன் மறுபடி எடுக்காமலிருக்க யாரோ நல்லெண்ணத்தில் சேர்த்தது. புதிய பக்கத்தையும் அவளிடம் விட்டால், ஒரு பிள்ளை அங்கே போய் வந்த சேதி அந்த வரியில் ஏறிவிடும். அப்பாவோ அம்மாவோ அடுத்த தடவை தளத்தைத் திறக்கும்போது அது தலையிலேயே நிற்கும். அந்த வரி எங்கிருந்து வருகிறது என்று அலுவலகத்தில் பாதிப் பேருக்கு ஞாபகமே இல்லை. அவருக்கு மட்டும் மறக்க வழியில்லை. ஏனென்றால் தினமும் காலையில் நாற்காலியில் உட்கார்ந்ததும் தன் வீட்டு அட்டை எண்ணைத் தட்டி அவர் முதலில் படிப்பது அதைத்தான்.

அவருக்குப் பதினாறு வயதில் ஒரு மகள். முன்பெல்லாம் வீட்டுக்குள் நுழைந்ததும் வாய் ஓயாது. அப்பாவின் பின்னாலேயே குளியலறை வாசல் வரை வந்து பேசிக்கொண்டிருப்பாள். சென்ற வருஷம் பேச்சு குறைந்தது. குறைந்தபோது இந்த வரிதான் அவருக்குத் துணையாக இருந்தது. ஒரு மாதம் முழுக்கத் திமிங்கிலங்கள். பிறகு எரிமலை. பிறகு எங்கோ பனிப் பிரதேசத்தில் தனியாக நடந்துபோன ஒரு பெண்ணின் பயணம். “அவ இப்ப பனியில இருக்கா” என்று மனைவியிடம் சொல்லிச் சிரிப்பார். மகளோடு பேசியதைப் போலவே அவருக்கு அன்றைக்கெல்லாம் ஒரு தெம்பு இருக்கும்.

கொஞ்ச நாளாக அந்த வரியில் அவள் இல்லை. மனைவி பார்த்த முழங்கால் வலிப் புத்தகம் மட்டும் அசையாமல் நிற்கிறது. கைப்பந்துப் பயிற்சிக்குப் போவதை மகள் திடீரென்று நிறுத்திவிட்டாள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் அறைக்கதவு சாத்திக்கொள்கிறது. கேட்டால் ஒரே பதில்: “ஒண்ணுமில்லப்பா.” அந்த ஒண்ணுமில்லையைக் கேட்கும்போது அவருக்கு வருவது பயம்தான். வேறு பெயர் சொல்ல வேண்டியதில்லை.

மனைவி கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலை பார்ப்பவர். எதையும் கிட்டத்தில் வைத்துப் பார்த்தே பழக்கம். மாலையில் கொடியிலிருந்து துணி எடுத்து மடிக்கும்போது அவரிடம் மெத்தை சார் நூலகப் பக்கத்தைப் பற்றிச் சொன்னார். பெரியம்மாவும் சித்தியும் அந்த வீட்டுக்குப் புதியவர்கள் இல்லை. மனைவிக்கு எல்லோரையும் தெரியும்.

“இதுல யோசிக்க என்ன இருக்கு? பெரியம்மாவையே வைங்க” என்றார் மனைவி.

“வீட்டுல தெரியக் கூடாதுன்னு அந்த நூலகத்தம்மா சொல்லியிருக்காங்க.”

“ஊர்ப் பிள்ளைங்களுக்கு ஆயிரம் இருக்கும். நம்ம பொண்ணு அங்க போய் ஏதாவது கேட்டான்னா நமக்குத் தெரிய வேணாமா? என்ன கேட்டான்னு கூட வேணாங்க. போனாங்கிறது தெரிஞ்சாப் போதும். ராத்திரி படுத்தா எனக்குத் தூக்கம் வரல. பெத்தவங்கதானே நாம, திருடங்களா?”

அவர் மகளின் பள்ளிச் சட்டையை எடுத்து, மடித்து, மறுபடி பிரித்து, மறுபடி மடித்தார். மனைவி சொன்னதைத்தான் அவரும் இரண்டு நாளாக உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு தப்பும் செய்ய வேண்டியதில்லை. எல்லாரும் எழுதுகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு பெரியம்மா என்று எழுதினால் போதும். யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டாலும் “அட, அந்த வரி இருந்ததையே மறந்துட்டேனே” என்றால் நம்பிவிடுவார்கள். அவருடைய மறதி ஊரறிந்தது.

இதோ, அதனால்தான் இன்றைக்கு மெத்தை. வெளியே சாரல் போட்டிருக்கிறது. கடைக்குள் புதுப் பஞ்சின் வாசனை. சுவரோரம் நிறுத்திவைத்த மெத்தைகள் தெருச் சத்தத்தையெல்லாம் குடித்துவிடுவதால் உள்ளே பேச்சுக்கூட தூரத்தில் கேட்கிறது. மழைக்கு ஒதுங்கிய இருவர் வாங்குகிற பாவனையில் ஒவ்வொரு மெத்தையாக அமுக்கிப் பார்க்கிறார்கள். நம்முடைய ஆள் படுத்தபடியே மெல்லக் கிளம்பிவிட்டார்.

முதலில் வழக்கம்போல யாரோ ஒரு பிள்ளையாகத்தான் போனார். நீளமான, வெளிச்சம் குறைந்த நடை. தரை ஈரமாக இருந்தது. பெயரில்லாத ஒரு பையன் ஆனார், தோளில் பை தொங்கியது. பாதி வழியில் பை மாறிவிட்டது. ஒரு பக்கம் பட்டை அறுந்து, ஊக்கு குத்திய பை. அது யாருடையது என்று அவருக்குத் தெரியும். அந்த ஊக்கைக் குத்தியவரே அவர்தான். இப்போது அவர் நடக்கவில்லை. கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கிறார். மகள் தனக்கு முன்னால் போகிறாள். கூந்தலைக் காதோரம் ஒதுக்கிவிட்டுக்கொள்கிறாள். எதையோ சொல்ல வேண்டும் என்று உதடு அசைகிறது. அவருக்கு ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ளத் தோன்றுகிறது, காலோ மெத்தையை விட்டு எழ மறுக்கிறது.

வாசலில் பெரியம்மா உட்கார்ந்திருந்தாள். தாராளமான உடம்பு, அன்பான முகம். “வாடியம்மா, எந்த வீட்டுப் பொண்ணு நீ?” என்றாள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை அவளுக்கு. “உங்க அப்பா காலையிலகூட வந்தாரே! நீ வந்துட்டுப் போனதா சொல்லிடுறேன், சரியா?”

மகள் நின்றாள். பைப் பட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “ஒண்ணுமில்ல” என்றாள். பிறகு திரும்பி, வந்த வழியே நடக்கத் தொடங்கினாள். அப்பாவைத் தாண்டித்தான் போனாள். பார்க்கவில்லை.

தலையணை சரசரத்தது. அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். கடைக்காரர் ஓடிவந்தார். “என்ன சார், ஸ்பிரிங் குத்திடுச்சா?”

“இல்ல. மெத்தை நல்லாத்தான் இருக்கு” என்று உரக்கவே சொன்னார். மழைக்கு ஒதுங்கியவர்களில் ஒருவர் உடனே விலை கேட்டார்.

மேலே போய் உட்கார்ந்து எழுதினார். அவர் எழுதி முடித்ததை எப்போதும் படித்துப் பார்ப்பவர் டீம் லீடு. அவரைவிட வயதில் சின்னவர், சுறுசுறுப்பு, எழுத்தில் ஒரு காற்புள்ளி தப்பினாலும் கண்ணில் படும்.

“சார், பெரியம்மா எங்க? சித்தியப் போட்டிருக்கீங்க?”

“இதுக்குப் பெரியம்மா வேணாம்மா. வந்தவங்கள வீட்டுல சொல்லிடுவா.”

லீடு ஒரு நிமிஷம் யோசித்தார். “ஆமால்ல, அந்த வரி! சரி, அதுக்கென்ன? பெரியம்மாவையே வெச்சுக்கிட்டு, இந்தப் பக்கத்துக்கு மட்டும் அந்த வரி வேணாம்னு சொல்லிடலாமே. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கும்.”

“சொல்லலாம். இன்னிக்கு அவ கேட்டுக்குவா. அடுத்த வருஷம் யாராவது அவளுக்குப் புதுசா ஒரு பழக்கம் கத்துக்குடுப்பாங்க. இந்தப் பக்கத்துக்கு மட்டும் அது கூடாதுன்னு யாருக்கு ஞாபகம் இருக்கும்? நானே மறந்துடுவேன்.”

“அட்டை எண் கேக்கலேன்னா கண்டவனும் குப்பையக் கொட்டுவானே சார். பதில எப்படித் திருப்பி அனுப்புவீங்க?”

“குப்பைய நான் தனியா வடிகட்டுறேன். கேக்குற பிள்ளைக்கு ரெண்டு வார்த்தை குடுப்போம். ‘நீல நத்தை’, ‘ஈரக் குடை’, அந்த மாதிரி. அதச் சொல்லிக் கேட்டா அதுக்கு வந்த பதில மட்டும் காட்டுவா சித்தி. யாரு எவருன்னு கேக்க மாட்டா.”

லீடு சிரித்துவிட்டார். “நீல நத்தையா? படுத்து எந்திரிச்சு வந்தீங்களா?” என்றார். பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். “சரி சார். கூடுதல் வேலைதான், உங்க தலையில விழும், பரவாயில்லையா?”

“பரவாயில்ல.”

அன்று மாலை மனைவியிடம் சொல்லிவிட்டார். மறைத்து வைக்கிற சாமர்த்தியம் அவருக்குக் கிடையாது. மனைவிக்குப் பதிலாகத் தட்டுகள் பேசின. குழம்புக் கரண்டி பேசியது. கடைசியில், “நம்ம பொண்ணுன்னு நெனச்சீங்களா, இல்ல ஏதோ ஒரு பக்கம்னு நெனச்சீங்களா?” என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். நினைத்ததெல்லாம் மகளைத்தான் என்று அவருக்குச் சொல்ல வந்தது. தன் தட்டை எடுத்துக்கொண்டு அவரும் எழுந்தார். அந்த வாரம் முழுவதும் அவர் ஒரு சுற்று இளைத்தாற்போல இருந்தார். காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் கை பழக்கதோஷத்தில் நூலகத் தளத்தைத் திறக்கும். முழங்கால் வலி இன்னும் அங்கேயே இருக்கும். மூடிவிடுவார். தான் கட்டிய சுவருக்கு வெளியே தானே நிற்கிறோம் என்பது அவருக்கு நன்றாக உறைத்தது. சில சமயம் எழுதியதை எடுத்துப் பார்ப்பார். ஒரு வார்த்தையை மாற்றினால் போதும். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு வேறு வேலைக்குப் போவார்.

பக்கம் வெளிவந்தது. நூலகர் அம்மா பழைய கனத்த குரலில் அழைத்து, பிள்ளைகள் எழுதத் தொடங்கிவிட்டார்கள் என்றார். என்ன எழுதினார்கள் என்று சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தார் என்பது பக்கத்து மேசைக்காரருக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பிட்டு முடித்து, பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. வெயில் சமையலறைத் தரையில் நீளமாகக் கிடந்தது. மகள் கதவருகில் வந்து நின்றாள். நிலையில் தோளைச் சாய்த்துக்கொண்டு, நகத்தைப் பார்த்தபடி கேட்டாள்.

“அப்பா, நூலகத்துல கேள்வி கேக்குற பக்கம் ஒண்ணு வந்திருக்காமே. கிளாஸ்ல சொன்னாங்க. நீங்க செஞ்சதா?”

“ஆமா குட்டி.”

“அதுல கேட்டா வீட்டுல தெரியுமா?”

மனைவி அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

“தெரியாது” என்றார் அவர்.

“உங்களுக்குக் கூடவா?”

“எனக்குக் கூடத் தெரியாது. தெரியாத மாதிரிதான் எழுதியிருக்கேன்.”

அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். எவ்வளவோ நாளைக்குப் பிறகு நேராகப் பார்த்த பார்வை. அப்படியே கூடத்துக்குப் போனாள். நாற்காலி இழுபடும் சத்தம் வந்தது. பிறகு கணினியின் பொத்தான்கள். வேகமாக ஒரு வரி. நின்றது. எழுதியதையெல்லாம் அழிக்கிற சத்தம், ஒரே பொத்தான், திரும்பத் திரும்ப. மறுபடி மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக.

மனைவி அவர் கையைத் தொட்டார். கண் கலங்கியிருந்தது. கூடத்துப் பக்கமாக முகவாயைக் காட்டி, போய்ப் பாருங்களேன் என்று சைகை செய்தார். நான்கு எட்டு வைத்தால் கூடம். பின்னால் போய் நின்றால் திரை முழுவதும் தெரியும்.

அவர் திரும்பி, குழாயை முழுக்கத் திறந்துவிட்டார். பொத்தான்களின் சத்தம் கேட்காதபடி தண்ணீர் தொட்டியில் இரைந்து விழ, கவிழ்த்து வைத்திருந்த உலர்ந்த டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடியும் கழுவத் தொடங்கினார்.